ரப்பர் தளிரும் பூவில்லா மாதங்களும்

மார்த்தாண்டம் தேன் என்ற பெயரில் புட்டியில் அடைத்து விற்கப்படும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. அது ரப்பர் மரத்தின் இளந்தளிர்களில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேகரித்து உண்டாக்குவது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தேனின் சிறப்பைப் பேசுகிறவர்கள் இந்தச் செய்தியை ஒரு வியப்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பூக்கும் பருவங்களுக்கும் மகரந்தம் கடத்தும் உயிர்களுக்கும் என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ரப்பர் இலை ஒரே காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகளாக விரிவது. அந்த மூன்றும் கூடும் இடத்தில், கண்ணுக்குத் தெரியும் அளவில், சிறு புள்ளிகள் போன்ற சுரப்பிகள் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுத் தளிர்க்கும்போது, தளிர் முதலில் செம்பு நிறத்தில் தொங்கும். அந்த நிறம் மாறி இளம்பச்சை ஏறத் தொடங்கும் நாள்களில் இந்தச் சுரப்பிகளில் நீர் கசிந்து துளியாகத் திரளும். இலை முற்றி விறைத்ததும் சுரப்பு நின்றுவிடும். ஒரு தளிருக்கு இது இரண்டு மூன்று வாரக் கதைதான். இத்தகைய சுரப்பிகள் எறும்புகளை வரவழைத்து இளந்தளிரைப் புழுக்களிடமிருந்து காப்பதற்காக உருவானவை என்பது தாவரவியலாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். தேனீ இதில் அழையாத விருந்தாளி. ரப்பருக்கும் பூ உண்டு. தளிர் விட்ட கையோடு சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும், ஆனால் அவற்றில் மகரந்தம் கடத்துவது பெரும்பாலும் கொசுவினும் சிறிய ஈக்களும் இலைப்பேன்களும். தேன் கிடைக்கும் அந்த வாரங்களில் தன் கூட்டில் வளரும் தேனீப் புழுக்களுக்குக் கொடுக்க வேண்டிய மகரந்தத்தைத் தேனீ வேறிடத்தில், முக்கியமாகத் தென்னம்பாளையில், தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படி ஆண்டு வருமானம் முழுவதும் ஒரே மரத்தின் ஒரே தளிர்ப் பருவத்தில் குவிந்திருப்பதால், காலக்கணக்கு சற்றுப் பிசகினாலும் தொழில் ஆட்டம் காணும். பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயில், ராணி இட்ட முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான நாள்கள் ஆகும். வெளிவந்த தேனீ உடனே பறந்து போய்த் தேன் கொண்டுவருவதில்லை. அடையைத் துப்புரவாக்குவது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது என்று மேலும் இரண்டு மூன்று வாரங்கள் கூட்டுக்குள்ளேயே வேலை செய்துவிட்டுத்தான் வெளியே கிளம்பும். அதாவது, தை மாதக் கடைசியில் தளிரில் நீர் எடுக்க வேண்டிய தேனீக்கு மார்கழிக்குள்ளாகவே முட்டை இடப்பட்டிருக்க வேண்டும். இது தெரிந்தவர்கள் என்பதால்தான் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் மார்கழியிலேயே சர்க்கரைப் பாகு கொடுத்துக் கூட்டத்தைப் பெருக்கத் தொடங்குகிறார்கள். தளிர்ப்பு எப்போது வரும் என்பது அவர்களுக்கு அனுபவக் கணக்கு. அந்தக் கணக்குக்கு அடிப்படை, வடகிழக்குப் பருவமழை மார்கழி நடுவில் ஓய்ந்து வறட்சி தொடங்கும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் இப்போது ஆட்டம் காண்கிறது. 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் வழக்கத்துக்கு முற்றிலும் மாறாகப் பெருமழை பெய்தது பலருக்கும் நினைவிருக்கும். பொங்கல் சமயத்தில் தென்மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற நெல் மூழ்கியது. அத்தகைய மழை ரப்பர் தோட்டத்தில் வேறு விதமாக வேலை செய்யும். மண்ணில் ஈரம் நின்றால் இலையுதிர்வு ஒரே சீராக நடக்காமல், ஒரு கிளை மொட்டையாகவும் மறு கிளை பச்சையாகவும் இழுபடும். தளிர் விட்ட பிறகு மழை வந்தால் சுரந்த நீர் கழுவிக்கொண்டு போகும். பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் இளந்தளிரில் சாம்பல் நோய் பற்றி, தளிர் முற்றுமுன்பே உதிர்ந்துவிடும். மூன்றில் எது நடந்தாலும் பெருத்த கூட்டம் பெட்டிக்குள் உண்ண வாய் மட்டும் அதிகமாகி நிற்கும்; பிறகு பாகு ஊற்றிக் காப்பாற்ற வேண்டியதுதான். அறிவியல் கட்டுரைகளில் பருவப் பொருத்தமின்மை என்று பேசப்படும் நிலை, இங்கே சர்க்கரைச் செலவாகக் கணக்கில் ஏறுகிறது.

குளிர் நாடுகளில் பூக்கும் காலத்தைப் பெரும்பாலும் பகற்பொழுதின் நீளமும் வசந்த வெப்பமும் தீர்மானிக்கின்றன. குமரி மாவட்டம் வடக்கு அட்சரேகை 8 பாகையை ஒட்டிக் கிடப்பது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. ஆகவே இங்குள்ள பல மரங்களுக்கு மழை, மழைக்குப் பின் வரும் வறட்சி, வறட்சியை முறிக்கும் முதல் மழை ஆகியவையே நாள்காட்டி. வெப்பநிலை அரைப் பாகை, ஒரு பாகை உயர்வதைக் காட்டிலும் மழை விழும் வாரங்கள் இடம் மாறுவதுதான் இந்த மாவட்டத்துச் செடிகொடிகளுக்குப் பெரிய மாற்றம் என்பது என் கருத்து. காலநிலை மாற்றம் பற்றிய நமது பொதுப்பேச்சு வெயிலைச் சுற்றியே நடப்பதால் இது கவனத்தில் விழுவதில்லை.

மழை இங்கே இரண்டு பருவங்களிலும் உண்டு, இடத்துக்கு இடம் வேறுபாடும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்க நெருங்க மழை குறைந்து காற்று மிகும். கடற்கரையை ஒட்டிய அகஸ்தீஸ்வரம் பகுதி பாதி திருநெல்வேலி போலவே இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டரைத் தாண்டும் மலைகள் வரை எல்லாம் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இதன் பயனாக ஒரே மரம் இங்கே வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு வாரங்களில் பூக்கும். மா இதற்கு நல்ல சான்று. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் தை, மாசியில் பூத்துச் சித்திரை, வைகாசியில் காய்க்கும் மாமரம், குமரியில் ஆனி, ஆடியையொட்டி இன்னொரு முறையும் பூத்து, மார்கழிச் சந்தைக்கு மாம்பழம் தருவது பழ வியாபாரிகளுக்குப் பழகிப்போன செய்தி. நீலம் வகை இதில் பெயர் பெற்றது. மாம்பூவுக்கு வருவதில் பெரும்பங்கு தேனீயல்ல, ஈக்கள். நாம் விரட்டும் ஈக்களுக்கும் நாம் விரும்பும் பழத்துக்கும் உள்ள உறவை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பதைக் கற்பித்தபோது, சுற்றிலும் இருந்த நிலத்தின் தோற்றம் வேறு. ஒரு விளையில், அதாவது மேட்டுத் தோட்டத்தில், தென்னையும் பனையும் பிலாவும் கொல்லாமரமும் (முந்திரி) புளியும் அயனியும் நிற்கும். வேலியில் கொன்றையும் பூவரசும். கீழே மரச்சீனியும் வாழையும். ஏலாக்களில் நெல் அறுத்த பின் பயறும் எள்ளும். கொல்லா தை, மாசியில் பூத்தால், புங்கும் வேம்பும் பங்குனி, சித்திரையில். புளி வைகாசி, ஆனியில். மழைக்கிடையில் வரப்பெங்கும் தும்பை. அடைமழை ஓய்ந்ததும் மீண்டும் பிலாவின் இளம்பிஞ்சு. எந்த மாதத்திலும் தேன் கொட்டவில்லை, ஆனால் எந்த மாதமும் முழுப் பட்டினியாகவும் இல்லை. பிறகு பாதி நூற்றாண்டில் மேற்கு வட்டங்களின் விளைகள் ஒவ்வொன்றாக ரப்பருக்கு மாறின. அதிலும் பெரும்பாலானோர் நட்டது ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒட்டுரகம். ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே ரகம் என்பதால் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் இலை உதிர்த்து ஒரே சமயத்தில் தளிர்க்கிறது. தேனுக்கு அது கொள்ளை. தளிர் முற்றிய மறுநாள் முதல் அதே தோட்டம் தேனீக்குப் பாலைவனம்.

பாலைவனக் காலம் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி வரை நீள்கிறது. தேனீ வளர்ப்போர் மழையில் வெளியேற முடியாத கூட்டத்துக்குச் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். ஒரு சிரட்டையில் பாகை ஊற்றி, தேனீக்கள் அதில் விழுந்து மூழ்காதிருக்க நாலைந்து ஈர்க்குகளை ஒடித்து மிதக்கவிட்டு, பெட்டியின் மேலறைக்குள் வைத்து மூடுவார்கள். மறுநாள் திறக்கும்போது சிரட்டை நக்கித் துடைத்தது போல் காய்ந்திருக்கும். பாகு உயிரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் புரதம் இல்லை, மகரந்தம் தரும் எதுவும் அதில் இல்லை. மகரந்தம் இல்லாவிட்டால் ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும், வளரும் புழுக்கள் நோஞ்சானாகும், மெழுகுப்புழு அடைக்குள் புகும், கடைசியில் கூட்டம் ஒருநாள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை அழித்தது. குமரியும் கேரளமும் அதில் தப்பவில்லை. அந்த நோய் பட்டினியால் வந்ததன்று. ஆயினும் பின்னர் தொழில் மீண்டெழ உதவியவை நோயைத் தாங்கி நின்ற கூட்டங்கள். மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் தாமாக வாழும் தேனீக் கூட்டங்கள் இருக்கிற வரைக்கும்தான் அப்படி மீள வாய்ப்பு. அவற்றுக்கு மழைக்காலத்தில் சிரட்டை வைப்பார் யாரும் இல்லை.

தேனீ வளர்ப்பைப் பெருக்கினால் மகரந்தச் சேர்க்கை பெருகிவிடும் என்ற எண்ணம் அரசுத் திட்டங்களிலும் உண்டு, நல்லெண்ணம் கொண்டவர்களிடமும் உண்டு. கொன்றை இந்த எண்ணத்தைச் சோதிக்க நல்ல மரம். சித்திரை விஷுவுக்குக் கனி காண வைக்கும் பூ என்பதால் குமரியில் அதை அறியாதவர் இல்லை. ஒரு பூவைப் பறித்துப் பார்த்தால் மகரந்தக் கேசரங்கள் மூன்று அளவுகளில் இருப்பது தெரியும்: மூன்று நீண்டு வளைந்து மேல்நோக்கித் திரும்பியிருக்கும், நான்கு நடுத்தரமாக இருக்கும், மீதி மூன்று குட்டையானவை. இப்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் ஒன்றுதான் கூலி. நடுத்தரக் கேசரப் பைகளில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வண்டுக்குரிய மகரந்தம் வெளிவரும். அதற்குப் பூவைப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசைகளை அதிரச் செய்ய வேண்டும். கருநீல நிறத்தில் ரீங்காரமிட்டு வரும் தச்சன் வண்டு, தேனீ இனத்தைச் சேர்ந்தது, அதைச் செய்யும். அது நடுத்தரப் பைகளை அதிர வைத்து உண்டுகொண்டிருக்கும்போது நீண்ட கேசரங்கள் அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவி அனுப்பிவிடும். பெட்டித் தேனீயால் இப்படி அதிரச் செய்ய முடியாது. கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் மகரந்தம் இப்படி அதிர வைத்தால்தான் நன்றாக உதிரும் என்பதால், காய்கறிக்காரருக்கும் அந்த வண்டு வேண்டியவர். தச்சன் வண்டு பட்டுப்போன கிளையிலும் பழைய வீட்டுக் கூரையின் கழுக்கோலிலும் துளையிட்டு முட்டையிடும். ஓட்டு வீடுகள் இடிந்து காங்கிரீட் எழும்போதும், பட்ட மரம் அழகைக் கெடுக்கிறது என்று வெட்டப்படும்போதும் அது குடியிழக்கிறது. விஷுவுக்கு முன்பே, மாசியிலேயே, கொன்றை பூத்துவிடுவது பற்றிய பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது; பூக்கும் நாள் மாறினால் வண்டும் மாறிக்கொள்ளக்கூடும், ஆனால் முட்டையிட மரமில்லாமல் அது எந்த நாளுக்கும் வராது.

கொசுத்தேனீயின் நிலையும் இதற்குக் கிட்டத்தட்ட ஒன்றே. மண்சுவர் இடுக்கிலும் பழைய மதில் பொந்திலும் மெழுகுக் குழல் ஒன்றை நீட்டிக் குடியிருக்கும் இந்தக் கொட்டாத தேனீ, வெள்ளரி போன்ற சிறுபூக்களுக்குப் பெரிய தேனீக்களைவிடப் பொருத்தமானது. இதன் தேன் மருந்துக்கென்று நல்ல விலை போவதால் சுவரை இடிக்கும்போது கூட்டைப் பெட்டிக்கு மாற்றுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அது ஒரு நல்ல மாற்றம்.

மாவட்டத்தின் பெயர் பெற்ற சில விளைபொருள்களில் பூ மலர்வதற்கே வாய்ப்பில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சியும் மல்லிகையும் மொட்டாகவே பறிக்கப்படுபவை. இரவில் விரிந்து விட்டில்களை அழைக்க வேண்டிய மணம் மாலைக்கும் கூந்தலுக்கும் போகிறது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு மாறாமலை, கரும்பாறைப் பக்கம் விளைவது. மொட்டு இளஞ்சிவப்பாகத் திரும்பும்போது கிள்ளாவிட்டால் விலை போகாது. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. பூந்தோட்டம் பெருகுவதால் வண்டினம் பெருகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் எந்தப் பூ செடியில் மலர்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இவற்றுக்கு நேர்மாறானது வாழை. வாழைக்குப் பருவம் கிடையாது. குறிப்பிட்ட எண்ணிக்கை இலை விட்ட பிறகு குலை தள்ளும். எப்போது கன்று நட்டார்களோ அதைப் பொறுத்து, ஆடியிலும் பூக்கும், ஐப்பசியிலும் பூக்கும். மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று வெவ்வேறு மாதங்களில் நட்ட வாழைகள் உள்ள ஊரில், ஆண் பூக்களின் மடலடியில் திரளும் தேனைத் தேடித் தேனீயும் தேன்சிட்டும் வௌவாலும் ஆண்டு முழுவதும் வரும். பூவில்லா மாதங்களில் இந்த மாவட்டத்துக்கு உள்ள மிகப் பெரிய தேன் இருப்பு அதுவே என்று சொல்லலாம். ஆனால் சீப்பு இறங்கியதும் பூவை ஒடித்துவிடுவது வழக்கம். காய் திரட்சிக்கு அது நல்லது, வாழைப்பூவுக்கு விலையும் உண்டு. ஒரு தோட்டத்தில் பத்துக்கு ஒன்றில் பூவை இரண்டு வாரம் கூடுதலாக விட்டுவைத்தால் உழவருக்கு ஏற்படும் இழப்பு மிகச் சிறிது. தண்டுக்குள் ஊடுருவும் பூச்சிமருந்து அந்தத் தேனிலும் வந்து சேரும் என்பதால், மருந்திட்ட வாழையில் இந்த யோசனை பயன் தராது, கேடு தரும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் மாவட்டத்தை ஒட்டிக் கடல்வழியே கடந்தபோது ரப்பரும் வாழையும் தென்னையும் பெருமளவில் சாய்ந்தன. கடலில் போன உயிர்களின் முன்னால் மரக்கணக்கைப் பேசுவது தயக்கத்துக்குரியது. ஆயினும் புயலுக்குப் பின் எதை நடுவது என்ற முடிவு அடுத்த 25, 30 ஆண்டுகளுக்கான பூக்கும் நாள்காட்டியை எழுதும் முடிவு. பெரும்பாலும் மீண்டும் ரப்பரே நடப்பட்டது. நட்ட முதல் சில ஆண்டுகள் இடையில் வாழை போட்டவர்களின் நிலத்தில் தேனீக்கு உணவு இருந்தது. அன்னாசி போட்ட இடத்தில் அவ்வளவாக இல்லை.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மலைக்காடுதான் நினைவுக்கு வருகிறது. 400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமும், அது சேர்ந்துள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமும் உண்மையிலேயே பெரிய செல்வங்கள். அந்தக் காப்பகம் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. 2022-ல் சுசீந்திரம்-தேரூர், வேம்பன்னூர் நீர்நிலைகள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்னும் பழங்குடியினர் மலைத்தேன் எடுக்கும் மரங்களில் கூடு கட்டும் மலைத்தேனீ, பூ எங்கே கிடைக்கிறதோ அங்கே கூட்டமாக இடம்பெயரும் இயல்புடையது. அது மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் ரப்பரும் சாலையும் வீடுமாக இருந்தால் காட்டைக் காத்ததன் பயனில் பாதி போய்விடும். காட்டின் எல்லையோடு நின்றுவிடும் பாதுகாப்பு பறக்கும் உயிர்களுக்குப் போதாது.

ஆகவே மரம் நடும் விழாக்களில் எந்த மரம் என்பதைவிட அது எந்த மாதம் பூக்கும் என்று கேட்பது நல்லது. கொன்றையும் புங்கும் வேம்பும் சாலையோரத்தில் நட்டால் கோடையில் பூ பெருகும். ஆனால் கோடையில் இங்கே உணவுக்குப் பஞ்சமில்லை. ஆவணி, புரட்டாசியில் பூக்கும் இலந்தை, ஐப்பசிக்குப் பின் பூக்கும் பூந்திக்கொட்டை, மழைக்காலத்திலும் பூ விடும் மருதாணி வேலி, கடற்கரை மணலுக்கு ஏற்ற புன்னை ஆகியவை இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியவை. ஆடி, ஆவணியில் தேனீ மொய்க்கும் கொடிரோஜா இங்கே இயல்பானதன்று, பிற செடிகளை மூடிப் படர்ந்துவிடும். தேனீக்கு உதவுகிறது என்பதற்காக அதை நட்டுப் பரப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன், இருக்கும் இடத்தில் மழைக்கு நடுவில் வெட்டி எறிவதையும் ஆதரிக்க மாட்டேன். எந்த ஊரில் எது எப்போது பூக்கிறது என்ற பதிவு முதலில் வேண்டும். சீசன்வாட்ச் என்ற மக்கள் பங்கேற்புத் திட்டத்தில், ஒருவர் தம் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்து வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் உண்டா என்று குறித்து அனுப்புவது போல, பள்ளிகள் இதைச் செய்யலாம். விளவங்கோட்டுக் கொன்றையும் அகஸ்தீஸ்வரத்துக் கொன்றையும் ஒரே வாரத்தில் பூக்கின்றனவா என்பதற்கே இன்று நம்மிடம் ஊர்ப்பேச்சுதான் சான்று.

எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி நிலத்தைப் பற்றியது. தேனீ வளர்ப்பவர் பெரும்பாலும் பிறருடைய ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்கிறார். பருவத்தில் கேரளத் தோட்டங்களுக்கும் லாரியில் கொண்டுபோகிறார். தளிர்த் தேனால் வரும் வருமானம் அவருடையது, தோட்டக்காரரின் வருமானம் ரப்பர்ப் பாலில். மழைக்காலத்தில் ரப்பர் வரிசைகளுக்கிடையே முளைக்கும் தும்பையும் தொட்டாவாடியும் மகரந்தம் தருபவை. அவற்றைக் களைக்கொல்லி அடித்துக் கருக்குவதா என்று முடிவெடுப்பவர் தோட்டக்காரர். அவருக்கும் காரணம் உண்டு: விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகும் தொழிலாளி புதருக்குள் காலை வைக்க அஞ்சுவார், பாம்பு பயம் வெறும் சாக்கன்று. எனவே தோட்டம் முழுவதையும் வளரவிடச் சொல்வதில் பொருளில்லை. பால்வெட்டுப் பாதைகளை அரிவாளால் வெட்டித் துப்புரவாக வைத்துக்கொண்டு, எல்லையில் உள்ள கயாலை என்னும் மண்மதிலையும் ஓடைக்கரையையும் பாறை சூழ்ந்த, எப்படியும் மரம் நட முடியாத திட்டுகளையும் ஆனி முதல் ஐப்பசி வரை மருந்து படாமல் விடுவது செய்யத்தக்கது. கூலிக்கு வெட்டுவது மருந்தடிப்பதைவிடச் செலவானது என்பதால், அந்த வேறுபாட்டைத் தேனீ வளர்ப்போர் கூட்டுறவா, ரப்பர் வாரியமா, தோட்டக்கலைத் துறையா, யார் ஏற்பது என்பது பேசித் தீர்க்க வேண்டியதாக இருக்கிறது.